பட்டத்தின் திறவுகோல்

நுழையும்முன்

கல்லூரியில் இடம் பெறுவதை நாம் கொண்டாடுகிறோம். பட்டம் பெறுவதையும் கொண்டாடுகிறோம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மூன்றாண்டுப் பயணத்திற்கென எழுதப்பட்ட விதிகள் உள்ளன என்பதைப் பலர் காலம் கடந்தே உணர்கின்றனர். அவ்விதிகளை அறிவது யாருடைய உரிமை, அறிவிப்பது யாருடைய கடமை என்னும் வினாக்களை இக்கட்டுரை எழுப்புகிறது.

திண்டுக்கல் என்றவுடன் மலைக்கோட்டைக்கு அடுத்து நினைவுக்கு வருவது பூட்டு. தலைமுறை தலைமுறையாகக் கைவினைஞர்கள் உருவாக்கிவரும் இப்பூட்டு, 2019 ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதன் உள்ளே பல நெம்புகோல்கள் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டுள்ளன. சாவியின் பற்கள் ஒவ்வொரு நெம்புகோலையும் அதற்கு உரிய உயரத்திற்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். மற்றவை யாவும் சரியாக உயர்ந்து, ஒன்று மட்டும் தாழ்ந்து நின்றாலும் பூட்டு திறவாது. கையின் வலிமையை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை.

கல்லூரிப் பட்டமும் இத்தகையதே. வேடசந்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் திண்டுக்கல்லுக்கு வந்து பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். தந்தை நூற்பாலைத் தொழிலாளி. தாய் தோட்ட வேலைக்குச் செல்பவர். அக்குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் ஆள் அவளே. முதன்மைப் பாடங்கள் அனைத்திலும் நல்ல மதிப்பெண் பெறுகிறாள். முதலாண்டில் உடல்நலக் குறைவால் எழுதாது விட்ட சுற்றுச்சூழல் கல்வித் தாளை அவள் பெரிதாகக் கருதவில்லை. ‘அது சிறிய தாள்தானே’ என்று உடன்பயில்வோரும் கூறினர். மூன்றாம் ஆண்டின் முடிவில் முதுகலைச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதுதான், அந்தச் சிறிய தாள் முடியாமல் பட்டம் இல்லை என்பது தெரிகிறது. அவளது கல்வியில் ஓராண்டு கழிந்துபோகிறது.

இம்மாணவி கற்பனைப் பாத்திரம். ஆயினும் கல்லூரி ஆசிரியர் எவரைக் கேட்டாலும் இவளைத் தாம் கண்டிருப்பதாகவே கூறுவர். அவள் தோற்றது பாடத்தில் அன்று. பாடத்தைச் சுற்றி வரையப்பட்ட விதியில். அதுவும் அவளுக்கு எவரும் எடுத்துரைக்காத விதியில். பாடத்தைக் கற்பிப்பதோடு கல்லூரியின் கடமை முடிவதில்லை. பட்டத்தின் அமைப்பைப் புரியவைப்பதும் கற்பித்தலின் ஒரு பகுதியே என்பது என் உறுதியான கருத்து.

பட்டத்தின் உள்ளமைப்பு

பட்டம் என்பது சில தேர்வுகளின் தொகுப்பன்று; திட்டமிட்டு அடுக்கப்பட்ட ஓர் அமைப்பு. தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் இளநிலைப் படிப்புகள் பெரும்பாலும் ஐந்து பகுதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. முதற்பகுதி தமிழ் அல்லது பிற மொழி. இரண்டாம் பகுதி ஆங்கிலம். மூன்றாம் பகுதியில் முதன்மைப் பாடங்களும், அவற்றுக்கு உறுதுணையாகும் சார்புப் பாடங்களும், துறைசார்ந்த விருப்பப் பாடங்களும் அடங்கும். நான்காம் பகுதி சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் வளர்க்கும் பாடங்கள், பிற துறையிலிருந்து தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடம் ஆகியவற்றைக் கொண்டது. நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, விளையாட்டு போன்ற விரிவாக்கப் பணிகள் ஐந்தாம் பகுதியில் இடம்பெறுகின்றன.

ஒவ்வொரு பாடத்திற்கும் ‘கிரெடிட்’ எனப்படும் தகுதிப்புள்ளி உண்டு. பாடத்தின் அளவையும் அதற்குச் செலவிட வேண்டிய உழைப்பையும் அப்புள்ளி குறிக்கிறது. ஒருவர் முதன்மைப் பாடங்களில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெற்றாலும், நான்காம் பகுதியில் குறைந்த புள்ளியை அதனால் ஈடுசெய்ய இயலாது. ஒரு நெம்புகோலின் குறையை மற்றொன்று நிரப்பாது என்பது இதுவே.

இவற்றுடன் வேறு சில நிபந்தனைகளும் உண்டு. வருகைப்பதிவு பொதுவாக 75 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. கட்டுரை, கருத்தரங்கம், இடைத்தேர்வு ஆகியவற்றுக்கான அகமதிப்பீடு ஒருபுறமும், பருவ இறுதித் தேர்வு மறுபுறமும் சேர்ந்தே மதிப்பெண் அமைகிறது. இறுதித் தேர்வில் தனியாக ஒரு குறைந்த அளவு மதிப்பெண் பெறவேண்டும் எனப் பல பல்கலைக்கழகங்கள் விதித்துள்ளன. கூட்டுத்தொகை போதும் என்று எண்ணிய மாணவர் சிலர் தோல்வியுறுவது இவ்விதியை அறியாமையால்தான்.

தெரிந்து தெளிவோம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் வரையறைப்படி, ஒரு பருவம் முழுவதும் வாரத்திற்கு ஒரு மணிநேரம் நிகழும் வகுப்பு ஒரு தகுதிப்புள்ளி பெறும். ஆய்வகப் பயிற்சி எனில் வாரத்திற்கு இரண்டு மணிநேரம் ஒரு புள்ளியாகும். அக்குழு 2022 இல் வெளியிட்ட சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்திற்குக் குறைந்தது 120 புள்ளிகளையும் நான்காண்டுப் பட்டத்திற்கு 160 புள்ளிகளையும் குறிப்பிடுகிறது. தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் மூன்றாண்டுப் பட்டத்திற்கு 140 புள்ளிகள் தேவைப்படுகின்றன.

ஓரூரில் பல விதிநூல்கள்

‘அண்ணன் படித்தான், அவனைக் கேட்டால் தெரிந்துவிடும்’ என்று மாணவர் பலர் அமைதி கொள்கின்றனர். ஆனால், அண்ணன் படித்த கல்லூரியின் விதி தம்பியின் கல்லூரிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. இதற்குத் திண்டுக்கல்லே தக்க சான்று. இங்குள்ள கலைக் கல்லூரிகளுள் சில, 1966 இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்றவை. எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரியோ, கொடைக்கானலில் 1984 இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தின் விதிகளுக்கு உட்பட்டவை. காந்திகிராமக் கிராமிய நிறுவனம் தானே பட்டம் வழங்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். தன்னாட்சி பெற்ற கல்லூரியாயின், பாடத்திட்டத்தை வகுப்பதும் தேர்வு நடத்துவதும் அக்கல்லூரியே.

ஒரே பேருந்தில் ஏறி, அடுத்தடுத்த நிறுத்தங்களில் இறங்கும் நான்கு தோழியர் நான்கு வெவ்வேறு விதிநூல்களுக்கு உட்பட்டிருக்கக்கூடும். ஒரே கல்லூரியிலும் பாடத்திட்டம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி அமைக்கப்படுகிறது. ஆகவே, கேள்விச் செய்தியை நம்பிப் பட்டப்படிப்பைத் திட்டமிடுவது ஒருவர் வீட்டுச் சாவியால் மற்றொருவர் வீட்டுப் பூட்டைத் திறக்க முயல்வதற்கு ஒப்பாகும். தாம் சேர்ந்த ஆண்டின் விதிநூல் எதுவோ, அதுவே ஒருவருக்கு உரியது.

விதிகளின் பின்னுள்ள நோக்கம்

விதிகள் வெறும் தடைகள் அல்ல. கற்றவர் எத்தகையவராக விளங்க வேண்டும் என்று ஒரு நிறுவனம் கருதுகிறதோ, அக்கருத்தே அதன் பட்ட விதிகளாக வடிவெடுக்கிறது. இதனை அறியத் திண்டுக்கல் – மதுரை சாலையில் சின்னாளபட்டி வரை சென்றால் போதும். மருத்துவர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் 1947 இல் அங்குக் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். ஊரக உயர்கல்விக்கென நாட்டில் சில நிறுவனங்கள் தொடங்கப்பட்ட காலத்தில், 1956 இல் காந்திகிராமக் கிராமிய நிறுவனம் உருவானது. 1976 இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

அந்நிறுவனத்தில் மாணவர்கள் சிற்றூர்களில் தங்கி, மக்களின் வாழ்வையும் தேவைகளையும் அறிந்து பணியாற்றுவது கல்வியின் ஒரு கூறாகவே அமைக்கப்பட்டது. அமைதிப் பணிக்கும் தொண்டிற்கும் மாணவரைப் பழக்கும் ‘சாந்தி சேனா’ என்னும் அமைப்பும் அங்கு வளர்ந்தது. ஊரக மக்களின் வரியில் பயின்றவர் ஊரகத்தை அறியாமல் பட்டம் பெறலாகாது என்பதே அதன் உட்பொருள். தேர்வு நோக்கில் மட்டும் பார்ப்பவருக்குச் சிற்றூரில் தங்கும் நாள்கள் வீண்நாள்களாகத் தோன்றலாம். நோக்கம் எடுத்துரைக்கப்பட்ட மாணவருக்கோ அவையே கல்வியின் உயிர்நாடியாகும். ‘இதனை முடிக்க வேண்டும்’ என்று கூறுவது அறிவிப்பு. ‘இதனை ஏன் முடிக்க வேண்டும்’ என்று விளக்குவதே வழிகாட்டல்.

விருப்பத்திற்கும் விதிக்கும் இடையிலான இழுபறி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1869 முதல் 1909 வரை தலைவராக விளங்கிய சார்லசு எலியட், மாணவர் அனைவரும் ஒரே பாடங்களைப் பயிலும் பழைய முறையை மாற்றி, தாம் விரும்பும் பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை விரிவாக்கினார். அவ்வுரிமை அறிவுலகில் புதிய காற்றைக் கொணர்ந்தது. அதே வேளையில், வழிகாட்டல் இன்றி எளிய தொடக்கநிலைப் பாடங்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்துப் பட்டம் பெறுவோரும் தோன்றினர். அவரை அடுத்துத் தலைவரான இலாரன்சு லோவெல், ஒரு துறையில் ஆழமும் பல துறைகளில் அகலமும் இருக்கவேண்டும் என்று விதி வகுத்தார்.

இன்று நம் பாடத்திட்டத்தில் முதன்மைப் பாடத்துடன் பிற துறை விருப்பப் பாடமும் அமைந்திருப்பதன் அடிப்படையும் இதுவே. வரலாறு பயிலும் மாணவர் கணினியின் அடிப்படையைக் கற்பதும், வேதியியல் பயிலும் மாணவி இதழியல் கற்பதும் அவர்தம் பார்வையை விரிவாக்கும். ஆனால், ‘எந்தத் தாளில் மதிப்பெண் எளிதில் கிடைக்கும்’ என்னும் ஒரே அளவுகோலால் அப்பாடம் தேர்ந்தெடுக்கப்படுமாயின், விதி இருந்தும் அதன் பயன் இல்லாது போகும்.

அறியாமையின் விலை

விதியை அறியாததன் விளைவு கல்லூரி வளாகத்தோடு முடிவதில்லை. வாழ்க்கை முழுவதும் தொடர்கிறது. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப்பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டது. பட்டம் மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியையும் தமிழ்வழியில் பயின்றிருக்கவேண்டும் என 2020 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. கல்லூரியில் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் அந்த ஒரு நொடியில், இச்சட்டத்தை அறிந்து முடிவெடுப்பவர் எத்தனை பேர்? எவ்வழியைத் தேர்ந்தாலும் அறிந்து தேர்வது ஒன்று. அறியாமல் நழுவ விடுவது வேறொன்று.

பட்டம் பெற்ற வரிசையும் இன்றியமையாதது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, இளநிலைப் பட்டம் என்னும் முறையான வரிசையைத் தமிழ்நாடு அரசுப்பணித் தேர்வுகள் வலியுறுத்துகின்றன. இளநிலைப் பட்டம் இன்றித் திறந்தநிலைக் கல்வி வழியாக நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டத்தைத் தகுதியாக ஏற்க இயலாது என உச்ச நீதிமன்றம் 2009 இல் தீர்ப்பளித்தது. உழைத்துப் படித்துப் பெற்ற சான்றிதழ் கையில் இருந்தும், அது செல்லாது என்று கேட்க நேர்வது எத்துணைத் துயரம்!

உதவித் திட்டங்களுக்கும் இது பொருந்தும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. இவ்வுதவியால் கல்லூரி வாயிலைக் கடந்தோர் பலர். வாயிலைக் கடந்தவரை இடைவழியில் தவறவிடாமல் பட்டமளிப்பு மேடைவரை கொண்டு சேர்ப்பதுதான் அடுத்த கடமை. அதற்குப் பணம் மட்டும் போதாது, வழிகாட்டலும் வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

‘கல்லூரி மாணவர் வளர்ந்தவர், விதிநூல் இணையத்தில் உள்ளது, படித்து அறிவது அவர் பொறுப்பு’ என்பார் உளர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், பெற்றோரும் உடன்பிறந்தாரும் பட்டதாரிகளாக விளங்கும் வீட்டில், விதிகள் உணவு வேளையின் உரையாடலிலேயே தெரிந்துவிடுகின்றன. முதல் தலைமுறை மாணவர்க்கு அத்தகைய உரையாடல் வாய்ப்பதில்லை. பருவம், தகுதிப்புள்ளி, நிலுவைத்தாள் என்னும் சொற்களே அவர்க்குப் புதியவை. எதனைக் கேட்கவேண்டும் என்பதே தெரியாதவரைப் பார்த்து, ‘நீ ஏன் கேட்கவில்லை?’ என்று வினவுவது நீதியாகாது. விதிநூல் ஆங்கிலத்தில் மட்டும் அமைந்திருப்பின் இடைவெளி மேலும் அகலும். எல்லார்க்கும் ஒரே விதி என்பது சமத்துவமன்று. எல்லார்க்கும் அவ்விதி புரிவதே சமத்துவம்.

ஆசிரியர்களின் பணிச்சுமை மற்றொரு தடையாகக் கூறப்படுகிறது. அதுவும் உண்மையே. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு, வழிகாட்டலைக் கல்வியின் பிரிக்க முடியாத கூறாகக் கருதவேண்டும் என்று வலியுறுத்தியது. இன்று பல கல்லூரிகளில் இத்தனை மாணவர்க்கு ஒருவர் என வழிகாட்டி ஆசிரியர்கள் நியமிக்கப்படுகின்றனர். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும்போதும் அவ்விகிதம் கேட்கப்படுகிறது. எனினும், பதிவேட்டில் கையொப்பம் இடுவதோடு அச்சந்திப்பு முடிந்துவிடுமாயின் பயனில்லை. வழிகாட்டலுக்குச் செலவிடும் நேரம் ஆசிரியரின் பணிநேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். கூடுதல் சுமையாக ஏற்றப்படும் எப்பணியும் விரைவில் சடங்காகிவிடும்.

செய்ய வேண்டுவன

இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சேர்க்கை நாளன்றே ஒவ்வொரு மாணவர்க்கும் எளிய தமிழில் ஒரு பக்க அட்டை வழங்கலாம். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றிற்கும் தேவையான புள்ளிகள், வருகை விதி, தேர்ச்சி விதி ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வழிகாட்டி ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து, முடித்தவை எவை, எஞ்சியவை எவை எனக் குறித்துக்கொள்ளலாம். இறுதியாண்டு தொடங்கும்போது ஒவ்வொருவரின் கணக்கும் ஒருமுறை முழுமையாகச் சரிபார்க்கப்பட வேண்டும். அவ்வாறு செய்தால், நாம் கண்ட மாணவியின் நிலுவைத்தாள் ஓராண்டிற்கு முன்பே வெளிப்பட்டிருக்கும்.

மாணவர்களே! பதினொன்றாம் வகுப்பில் நீங்கள் தேர்ந்துள்ள பாடப்பிரிவே இப்பயணத்தின் முதல் கதவாகும். கணிதம் இல்லாத பிரிவில் பயில்பவர் கணிதப் பட்டப்படிப்பில் சேர இயலாது. ஆகவே, நீங்கள் விரும்பும் படிப்பு எந்தப் பாடங்களைக் கேட்கிறது என்பதை இப்போதே கண்டறியுங்கள். கல்லூரியில் சேரும்போது நான்கு வினாக்களைத் தயங்காமல் கேளுங்கள்: இப்பட்டத்தை வழங்கும் பல்கலைக்கழகம் எது? பட்டம் பெற எந்தெந்தப் பகுதிகளில் எத்தனை புள்ளிகள் தேவை? இதன் பயிற்றுமொழி எது? இப்பட்டம் எந்த மேற்படிப்பிற்கும் எந்தப் பணிக்கும் தகுதியாகும்? விடையை எழுத்து வடிவில் உள்ள விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பருவ மதிப்பெண் சான்றையும் பாதுகாத்து, உங்கள் கணக்கை நீங்களே எழுதி வாருங்கள்.

கேட்பது அறியாமையின் அடையாளம் என்று எவரும் நாணவேண்டியதில்லை. திண்டுக்கல்லின் பூட்டுத் தொழிலாளியும் தாம் செய்த பூட்டை விற்பனைக்கு அனுப்பும் முன் சாவியிட்டுத் திறந்து பார்ப்பார். ஒவ்வொரு நெம்புகோலும் உயர்கிறதா என்று நோக்குவார். மூன்றாண்டு உழைப்பையும், ஒரு குடும்பத்தின் நம்பிக்கையையும் உள்ளடக்கிய பட்டத்திற்கு அந்த அளவு கவனமேனும் வேண்டாவா? அச்சாவியை மாணவர் கையில் கொடுப்பது கல்லூரியின் கடமை. அதன் பற்களை எண்ணிப் பார்த்துக்கொள்வது மாணவரின் கடமை. இரண்டும் ஒருங்கே நிறைவேறும்போது, முதல் தலைமுறையில் கல்லூரி புகும் எவரும் வாயிற்படியில் காத்து நிற்க நேராது.